போகிற வழியில் ஒரு வீடு

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலின்போது கித்துல்கலவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'புதிய தொழில்நுட்ப வேலைகளும் பழைய தோழமைகளும்' என்ற பொருளில் பேசும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். மேடையில் நிற்பவள் ஒருத்தி. ஆனால் இந்தப் பேச்சை எங்கள் வகுப்பே சேர்ந்துதான் எழுதியது. வட்ஸ்அப்பில் ஒருத்தி நாலு வரி போட, இன்னொருத்தி அதில் இரண்டை வெட்ட, மூன்றாமவள் எழுத்துப்பிழை திருத்த, மூன்று வாரத்தில் ஒரு வடிவம் வந்தது. ஆகவே இதில் 'நாங்கள்' என்ற சொல்தான் வரும். 1996ஆம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்கு அமர்ந்த வகுப்பு என்று சொன்னால், எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியைமாருக்கு எங்கள் முகங்களும் எங்கள் சத்தமும் ஞாபகத்துக்கு வரும் என்று நம்புகிறோம்.

பாடசாலை மண்டபம் இருக்க, ஒன்றுகூடலைக் கித்துல்கலவில் ஏன் வைத்தீர்கள் என்று பலர் கேட்டார்கள். ஆற்றில் படகு விடவா என்று ஒரு தங்கை கேட்டாள். காரணம் இந்த வீதிதான். அவிசாவளையில் தொடங்கி யட்டியாந்தோட்டை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன் என்று ஏறி நுவரெலியாவுக்குப் போகும் ஏ7 வீதியில், கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கும் மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கும் இது நடுவழி. தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் தோழியரும் இரண்டு மூன்று பஸ் மாறினால் வந்து சேர்ந்துவிடலாம்.

வெளியூர்க்காரர்களுக்குக் கித்துல்கல என்றால் களனி கங்கையில் படகு ஓட்டும் விளையாட்டு. சற்று வயதானவர்களுக்கு 1957இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படம். தாய்லாந்துப் பாலம் என்று உலகம் பார்த்த அந்தப் பாலத்தை இங்கேதான் கட்டி, இங்கேதான் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நமக்கோ இது விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும்போது பஸ் தேநீருக்கு நிற்கும் இடம். சுற்றிலும் இறப்பர் மலை, அதற்கு மேலே தேயிலை மலை. அங்கிருந்து வந்த பிள்ளைகள்தான் நம் விடுதியை நிரப்பினார்கள். அவர்களில் பலர் இன்னும் அந்த மலைகளில்தான் இருக்கிறார்கள். இன்று நாங்கள் சொல்ல வந்ததும் அவர்களைப் பற்றித்தான்.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு எங்கள் வகுப்பில் மூன்று பேருக்கு வேலை மாறியது. மூன்றுமே கணினியோடு சேர்ந்த வேலை, மூன்றுமே ஊர் ஊராக அலையும் வேலை.

ஒருத்தி வங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். இப்போது சிறு நகரங்களில் உள்ள கடைக்காரர்களுக்கு 'லங்கா கியூஆர்' முறையில் கைபேசியால் பணம் வாங்கப் பழக்குகிறாள். மளிகைக் கடை, மரக்கறிக் கடை, சலூன் என்று ஒரு நாளைக்கு இருபது படி ஏறி இறங்குகிறாள். இன்னொருத்தி கணித ஆசிரியையாக இருந்து, கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தவள். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை தேடுவது அவள் வேலை. வகுப்பிலும் மற்றவர்கள் கொப்பியில் பிழை தேடியவள்தான். வருடத்தில் இரண்டு மூன்று தடவை பெங்களூருக்குப் போய் வருகிறாள்.

மூன்றாமவள் இப்போது உங்கள் முன் நிற்கிறாள். வைத்தியம் பார்ப்பதை விட்டுவிட்டுக் கணினிக்குப் போய்விட்டாளாமே என்று வாசலில் இரண்டு ஆசிரியைமார் கவலையோடு கேட்டார்கள். விடவில்லை, ஆசிரியை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் வைத்தியர்களுக்கென்றே மருத்துவத் தகவலியலில் முதுமாணிப் படிப்பு நடத்துகிறது. நோயாளி கையில் கசங்கிக் கிடக்கும் கிளினிக் கொப்பியில் உள்ளதை, எந்த அரச வைத்தியசாலைக்குப் போனாலும் வைத்தியர் பார்க்கக்கூடியதாகக் கணினியில் ஏற்றுவது இந்தத் துறையின் வேலைகளில் ஒன்று.

நம் நாட்டுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 2020 ஜனவரி இறுதியில், கொரோனா இலங்கைக்குள் கால் வைத்த நாட்களில், விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களைப் பதிந்து பின்தொடர ஒரு கணினி முறை தேவைப்பட்டது. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் முன்னின்று வளர்த்த, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய 'டீ.எச்.ஐ.எஸ்.2' என்ற மென்பொருளைக் கொண்டு நம் நாட்டுச் சுகாதாரத் தகவலியல் வைத்தியர்களும் தொழில்நுட்பக்காரர்களும் சில நாட்களில் அதைச் செய்து முடித்தார்கள். பின்னர் அதே முறையை 40க்கும் மேற்பட்ட நாடுகள் எடுத்துப் பயன்படுத்தின. வைத்தியர் கணினிக்குப் போனால் நோயாளியை விட்டுப் போய்விட்டார் என்று அர்த்தமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

இந்த வேலையில் வைத்தியசாலை வைத்தியசாலையாகப் போய், பதிவு மேசையில் இருப்பவர்களோடு உட்கார்ந்து, எங்கே சிக்குகிறது என்று பார்க்க வேண்டும். சிக்கும் இடம் அநேகமாக ஒன்றுதான். பெயர் சரியாக ஏறும். பிறந்த திகதி ஏறும். அடையாள அட்டை இலக்கம் ஏறும். முகவரியில் வந்து நின்றுவிடும்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தோட்டத்துக்குத் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் தாத்தா பாட்டிமார் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று, கிராம அலுவலர் பிரிவின் பெயர் ஒன்று. அதற்குள் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு. அதற்குள் லயம். லயத்து வீட்டுக்கு இலக்கமோ வீதிப் பெயரோ கிடையாது. ஒரே பெண் மூன்று வைத்தியசாலைகளில் மூன்று விதமாக முகவரி சொல்லியிருப்பாள். கணினி அவளை மூன்று ஆளாக வைத்திருக்கும். அவளுடைய இரத்த அழுத்தம் ஓரிடத்தில், சீனி வருத்தம் ஓரிடத்தில், பிரசவக் கணக்கு இன்னோரிடத்தில். கணினிமயமான வைத்தியசாலைகளில் ஆளுக்கொரு சுகாதார இலக்கம் கொடுப்பது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். ஆனால் அந்த இலக்கத்தை முதல் தடவை கொடுக்கும்போதும் இந்தப் பெண் யார், எங்கே இருக்கிறாள் என்று யாராவது சரியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதை ஏன் பழைய மாணவியர் கூட்டத்தில் சொல்கிறோம்? நம் சங்கத்தின் பெயர்ப் பதிவேட்டிலும் அதே கட்டம்தான் வெறுமையாகக் கிடக்கிறது. நூற்றாண்டுக்காகச் சங்கம் எல்லா வகுப்புகளுக்கும் கடிதம் அனுப்பியது. எங்கள் வகுப்புக்குப் போனவற்றில் எவை சேர்ந்தன, எவை திரும்பின என்று உட்கார்ந்து பார்த்தோம். டொரொன்டோவுக்குப் போனது சேர்ந்தது. லண்டனுக்குப் போனது சேர்ந்தது. டோஹாவில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் தோழிக்கு அவள் தம்பி மூலம் சேர்ந்தது. இந்த மண்டபத்திலிருந்து 40 கிலோமீற்றருக்குள் இருக்கும் தோட்டங்களுக்குப் போனவற்றில்தான் பாதிக்கு மேல் திரும்பி வந்தன, இல்லாவிட்டால் பதிலே வரவில்லை. தோட்டத்துக் கடிதம் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது ஏறி லயத்துக்குப் போக வேண்டும். கலியாணம் முடித்துப் பெயரும் தோட்டமும் மாறிய பெண்ணுக்கு அந்தக் கை கிடைப்பது இன்னும் கஷ்டம்.

தோழியைத் தொலைப்பது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. இங்கே முன் வரிசையில் இருக்கும் மூத்த அக்காமாருக்கு இது நன்றாகத் தெரியும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். தாள்களில் அது எண்ணிக்கை. வகுப்பறையில் அது பக்கத்து வாங்கு வெறுமையானது. திங்கட்கிழமை இடாப்பு கூப்பிடும்போது ஒரு பெயருக்குப் பதில் வராது, "இந்தியாவுக்குப் பயணம் போயிட்டாங்க, டீச்சர்" என்று யாராவது சொல்வார்கள் என்று அக்காமார் எங்களிடம் கதைத்திருக்கிறார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை 'அழுகைக் கோச்சி' என்றே நம் மூத்தவர்கள் சொல்வார்கள். அங்கிருந்து ராமானுஜம் கப்பல், பிறகு மண்டபம் முகாம். 1984இல் கப்பல் ஓடுவது நின்றபோது, போனவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையில் இருந்த வழியும் அடைபட்டது.

போனவர்கள் எங்கே போனார்கள்? தேயிலைக்குப் பழகியவர்கள் பலர் நீலகிரியில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் போனார்கள். தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான 'டான்டீ' அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே வளர்க்கப்பட்டது. கேரளத்தில் புனலூர், கர்நாடகத்தில் சுள்ளியா, தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டம் என்று இறப்பர்த் தோட்டங்களிலும் தாயகம் திரும்பியோர் குடியமர்த்தப்பட்டார்கள். கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் மலைகளிலிருந்து வந்த நமக்கு, அந்த ஊர்ப் பெயர்கள் அந்நியமானவை அல்ல.

இனி எங்கள் பெங்களூர்த் தோழியின் கதை. அவளுடைய மூத்த அக்காவும் இதே பாடசாலையில் படித்தவர். அக்காவின் வகுப்பில் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்ட தோழி ஒருவர் 1980களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு இந்தியா போனார். முதல் இரண்டு வருடம் கடிதம் வந்தது. கடைசிக் கடிதத்தின் பின்புறத்தில் சுள்ளியா என்ற ஊர்ப்பெயர் மட்டும் இருந்தது. நாற்பது வருடமாக அக்கா அந்தக் கடிதத்தைப் பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து வைத்திருந்தார்.

பெங்களூரில் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. திங்கட்கிழமை காலையில் அடுத்த கூட்டம். நடுவில் இரண்டு நாள். வழக்கமாகக் கடைத்தெருவுக்குப் போகிறவள், அன்று வரைபடத்தில் சுள்ளியாவைத் தேடினாள். ஓர் இரவு பஸ் பயணம். விடியற்காலையில் இறங்கி, தேநீர்க் கடையில் "இலங்கைத் தமிழ் ஆட்கள் இருக்கிற இறப்பர்த் தோட்டம் எது?" என்று கேட்டாள். மூன்றாவது காலனியில் ஒரு வயதான அம்மா, கேட்ட பெயரைத் திருத்தி, அந்த அக்காவின் வீட்டுப்பெயரைச் சொன்னார். வீட்டுக் கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்து வந்தவர், "நீ இன்னாரின் தங்கச்சி மாதிரி இருக்கிறியே" என்றாராம். அவள் பெயரைச் சொல்லவே இல்லை.

அன்று வீடியோ அழைப்பில் இரண்டு அக்காமாரும் முதல் ஐந்து நிமிடம் எதுவும் பேசவில்லை. பிறகு பேசியது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. விடுதியில் ஒளித்துவைத்த பலாக்கொட்டையை யார் தின்றது என்பதுதான். அந்த வழக்கு நாற்பது வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தீர்ந்தது.

இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் தொடங்கியது. யாருக்கு வேலைப் பயணம் வந்தாலும், எந்த வீதியால் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புகிறோம் என்று குழுவில் போடுவோம். அந்த வழியில் யார் இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் சொல்வார்கள். கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்குப் போனால், ருவன்வெல்லையில் தையல் கடை வைத்திருக்கும் தோழி. இரத்தினபுரிக்குப் போனால், அங்கே ஆசிரியையாக இருக்கும் இருவர். யட்டியாந்தோட்டைக் கடைகளுக்கு 'கியூஆர்' அட்டை ஒட்டப் போனால், அதற்கு மேலே மலையில் பால் வெட்டும் தோழி. இதற்கென்று தனியாக விடுமுறை எடுப்பதில்லை. இரண்டு வருடத்தில் 34 பேர் கொண்ட வகுப்பில் 27 பேரை நேரில் பார்த்துவிட்டோம்.

இந்தச் சந்திப்புகளில் பழகிக்கொண்ட சில விஷயங்களைத் தங்கைமாருக்குச் சொல்ல வேண்டும். வேலைக்காக ஊர் சுற்றுகிறவர்கள் உங்களில் இன்னும் அதிகம்.

முதலாவது, அவளுடைய நேரம். தோட்டத்தில் வேலை செய்யும் தோழிக்கு நாம் வரும் நாள் வேலைநாள் என்றால், அவள் மலைக்குப் போகாமல் நிற்பாள். அன்றைக்கு அவளுக்குப் பேர் விழாது. ஒருத்தி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "நீ வந்ததுல சந்தோசம் புள்ள, ஆனா அடுத்த தடவ கொழுந்து நிறுத்த பிறகு வா. இன்னைக்கு ஒரு பேர் போச்சு." பால் வெட்டுகிறவர்கள் விடியலில் போய், பால் சேர்த்துக் கொடுத்துவிட்டு மத்தியானத்தோடு வந்துவிடுவார்கள். கொழுந்து எடுக்கிறவர்களுக்கு மாலை நிறுவை முடிய வேண்டும். காப்பகத்தில் வேலை செய்கிறவள் கடைசிப் பிள்ளையைத் தாயிடம் கொடுத்த பிறகுதான் கதவைப் பூட்டலாம். நம் கூட்டம் எப்போது முடிகிறது என்று பார்க்கும்போதே, அவள் வேலை எப்போது முடிகிறது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கைகொண்டுபோவது. பெரிய பொதி கொண்டுபோனால், அவளும் அதற்கு ஈடாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்து, கடன் வாங்கிக் கோழி அடிப்பாள். பிஸ்கட், பழம், பிள்ளைகளுக்குக் கொப்பி போதும். அவள் தரும் ரொட்டியையும் கட்டச்சம்பலையும் இருந்து சாப்பிட வேண்டும். நேரமில்லை என்று வாசலில் நின்று திரும்பக் கூடாது.

மூன்றாவது, படம். வீட்டு வாசலில் நின்று படம் எடுத்து உடனே எல்லோருக்கும் அனுப்பும் ஆசை வரும். லயத்துக் காம்பராவின் சுவர் எப்படியிருக்கிறது என்பதை உலகத்துக்குக் காட்டலாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். எங்கள் வகுப்பில் அவள் அனுப்பினால்தான் படம் வரும்.

நான்காவது, பேச்சு. 'நீ இப்போது என்ன செய்கிறாய்?' என்று நாம் அன்பாகத்தான் கேட்போம். ஆனால் சாதாரண தரத்தோடு படிப்பு நின்றவளுக்கு அது பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கும். எங்கள் காலத்தில் தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்க ஊரை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது. போக முடிந்தவர்கள் போனோம். வகுப்பில் கணிதத்தில் முதலாவதாக வந்தவள் போகவில்லை. அவளைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவள்தான் இப்போது வைத்தியர் என்று உங்கள் முன் நிற்கிறாள். இது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. இது தெரிந்திருந்தால் பேசும் விதம் தானாக வரும்.

இனி வைத்தியர் என்ற முறையில் ஒரு விஷயம். தோழியரைப் பார்ப்பது மனதுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். உடலுக்கும் நல்லது என்பதற்கு ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவின் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற பேராசிரியையும் அவருடைய குழுவினரும் 2010இல், 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 3,08,849 பேரின் தகவல்களைப் பார்த்தார்கள். உறவும் நட்பும் பலமாக உள்ளவர்கள், அந்த ஆய்வுகள் நடந்த காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது.

எண்களை விட்டுவிட்டு எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்டவள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். பெயரையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு மற்றதைச் சொல் என்று அவளே சொன்னாள். வங்கித் தோழி ஒரு நாள் அவளைப் பார்க்கப் போனபோது, லயத்துக்கு ஏறும் படியில் அவள் மூன்று தடவை நின்று மூச்சு வாங்கினாள். முகம் வெளிறியிருந்தது. கேட்டதற்கு, "வயசு போகுது" என்றாள். தேநீர் குடித்து முடிக்கும்போதுதான், மாதவிடாய் இரத்தப்போக்கு ஒரு வருடமாக நிற்காமல் போகிறது என்று சொன்னாள். கணவனிடமும் சொல்லவில்லை, வைத்தியசாலையில் ஆண் வைத்தியர் இருப்பார் என்று அங்கும் போகவில்லை. அன்றிரவே தொலைபேசி வந்தது. அடுத்த வாரம் பரிசோதித்தபோது, சாதாரணமாக 12 இருக்க வேண்டிய இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு அவளுக்கு 6. கருப்பையில் நார்த்திசுக் கட்டி. அரச வைத்தியசாலையில் இரத்தம் ஏற்றி, சத்திரசிகிச்சை செய்தார்கள். இன்று காலையில் இந்த மண்டபத்துக்குக் கதிரை அடுக்கியவர்களில் அவளும் ஒருத்தி. வங்கிக்காரி வைத்தியர் இல்லை. ஆனால் பதினாறு வயதில் அந்தப் பெண் எப்படிப் படி ஏறினாள் என்று அவளுக்குத் தெரியும்.

உதவி ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் வேலை செய்யும் தோழியிடம் ஒரு நாள் முகவரிச் சிக்கலைச் சொல்லிப் புலம்பினோம். "முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவாங்க, அங்க ஒரு விலாசம் சொல்லுவாங்க. புருஷன் கொழும்புல கடையில இருந்தா அந்த விலாசமும் சொல்லுவாங்க. நீங்க விலாசத்தக் கேக்காதீங்க. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, புள்ளய எந்தக் காப்பகத்துல விடுறனு கேளுங்க. எங்களுக்கு எல்லாரையும் தெரியும்" என்றாள். அவள் சொன்னபடி, ஒரே வரியாக இருந்த முகவரிக் கட்டத்தை வேலைக் குழுவினர் ஒரு சோதனைப் படிவத்தில் தோட்டம், பிரிவு, தெரிந்தவர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். பதிவு மேசையில் கேள்வி குறைந்தது, பதில் கூடியது.

எங்கள் வகுப்புத் தோழியருக்கு இந்த இடத்தில் ஒரு நினைவூட்டல். 1996இல் நாம் பரீட்சை எழுதிய அதே வருடத்தில்தான் இந்த நாட்டில் சுகவனிதையர் கிளினிக் தொடங்கியது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் இலவசமாக நடக்கிறது. இரத்த அழுத்தம், சீனி, மார்புப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை எல்லாம் அங்கே உண்டு. கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு 35 வயதிலும் 45 வயதிலும் அழைக்கிறார்கள். நம் வகுப்பு முழுவதும் ஏறத்தாழ ஒரே வருடத்தில் 45 வயதை அடைகிறது. ஆகவே யார் போனார்கள், யார் போகவில்லை என்று இடாப்பு கூப்பிடுவது சுலபம். கூப்பிடப் போகிறோம். மற்ற வகுப்புகளும் அப்படியே செய்யலாம். பயமாக இருந்தால் இரண்டு பேராகப் போங்கள்.

கடைசியாக, சங்கத்திடம் எங்கள் வகுப்பின் கோரிக்கை. 2023ஆம் ஆண்டு மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள், நம் முன்னோர் வந்த வழியை நமக்கு நினைவூட்டினார்கள். நம் பாடசாலைக்கு 100 வருடமாகிறது. இந்த மலரில் நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியல் வரும், வெளிநாட்டுக் கிளைகளின் படங்கள் வரும். அவை வர வேண்டும். அவற்றோடு, கடிதம் திரும்பி வந்தவர்களின் பெயர்களும் வகுப்பு வகுப்பாக வர வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நான்கு விஷயங்கள் போதும்: பாடசாலையில் இருந்த பெயர், அப்போது வந்த தோட்டமும் பிரிவும், கடைசியாகப் பார்த்தவர் யார், எந்த வருடம். விலாசம் தெரியாவிட்டாலும் இந்த நான்கில் ஏதாவது ஒன்று யாருக்காவது தெரிந்திருக்கும். கைபேசி இலக்கம் கிடைத்தால் அதை மலரில் போடாமல், சம்மதம் கேட்டுச் சங்கத்தின் பதிவேட்டில் மட்டும் வைக்க வேண்டும்.

இந்த மலர் டொரொன்டோவிலும் சென்னையிலும் மெல்பேர்னிலும் வாசிக்கப்படும். அங்கே இருக்கும் சகோதரிகளே, உங்களில் பலரை வேலை நாடு நாடாக அனுப்புகிறது. அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது அந்தப் பட்டியலை ஒரு தடவை பாருங்கள். நீலகிரிக்குப் பக்கமாகப் போகிறவர்களும் உங்களில் இருக்கலாம், தெரணியகலைப் பக்கமாக வருகிறவர்களும் இருக்கலாம். ஒரு பெயரையாவது கண்டுபிடித்துச் சங்கத்துக்கு எழுதுங்கள்.

எங்கள் வகுப்பில் இன்னும் ஏழு பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களில் இருவர் கடைசியாகப் புளத்கொஹுபிட்டிய பக்கத்தில் இருந்தார்கள் என்று மட்டும் தெரியும். அடுத்த மாதம் அந்தப் பக்கத்தில் வேலை இருக்கிறது. அவர்களைத் தெரிந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வாசலில் இருக்கும் கொப்பியில் தயவுசெய்து எழுதிவிட்டுப் போங்கள்.